கதிரும் மினுங்கும் பாக்டீரியாவும்

இங்கே கிரோனிங்கனில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருடைய அம்மாவுக்கும் வாழ்த்துச் சொல்கிறார்கள். அக்காவுக்கும் மாமனாருக்கும்கூட. வரிசையாகக் கையைப் பிடித்துக் குலுக்கி ‘ஹெஃபேலிசிடேர்ட்’ என்பார்கள். நெதர்லாந்துக்கு வந்த புதிதில், ஊரில் என் தம்பி கதிருக்குப் பிறந்தநாள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரியான மரைக்கே உடனே எழுந்து என் கையைக் குலுக்கினாள். “எனக்கு எதற்கு?” என்றேன். “உனக்கு அவன் இருக்கிறானே, அதற்கு” என்றாள். நன்றி சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். எங்கள் வீட்டில் கதிரின் பிறந்தநாளை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒவ்வொரு வருஷமும் அவனிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போயிருந்தது. முதலில் ஓட்டம், பிறகு நடை, பிறகு தட்டிலிருந்து வாய்வரை கையைத் தூக்கும் பலம்.

தசைகள் மெல்ல மெல்லக் கரையும் நோய் அது. ஒரு மரபணுவில் வரும் கோளாறு. அதைச் சுமக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அவள் பெறும் ஆண்பிள்ளையைப் பிடித்துக்கொள்ளக்கூடும். கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பாவுக்கு லேத் பட்டறை. கதிர் நடையை இழந்தபோது, பட்டறையில் இரும்பைத் தூக்கும் செயின் பிளாக்கைப் படுக்கைக்கு மேல் மாட்டி, துணித்தொட்டில் தைத்து, அவனைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு இறக்கினார். “ஏனுங்க்கா, லோடு ஏத்தறாங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று தொட்டிலில் தொங்கியபடியே சிரிப்பான். சரவணம்பட்டிக் கல்லூரிக்கு அப்பா காரில் கொண்டுபோய் விட, கணினி படித்து முடித்தான்.

நான் உயிரியல் படித்து இங்கே வந்தேன். என் வேலை பாக்டீரியாவுக்குள் புதிதாக ஒரு மரபணுச் சுற்றைக் கட்டுவது. மூன்று மரபணுக்கள், முதலாவது இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது மறுபடி முதலாவதை. இப்படிச் சுற்றிவந்தால் செல் பச்சையாக ஒளிர்ந்து, அணைந்து, மறுபடி ஒளிரும். கணினியில் சமன்பாடுகள் அழகாக ஆடின. கண்ணாடித் தட்டில் இருந்த செல்களோ கொஞ்ச நேரத்தில் தாளம் தவறி, ஒவ்வொன்றும் தன் போக்கில் மங்கின. கதிரிடம் வீடியோவில் புலம்பினேன். “புரோகிராம அனுப்புக்கா, பாக்கலாம்” என்றான். அப்போது அவன் வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மவுசை நகர்த்தும். வாரக்கணக்கில் அந்த இரண்டு விரல்களால் என் கணினி மாதிரியைப் பிரித்து மேய்ந்தான்.

அம்மாவோ, சொந்தக்காரர்களிடமெல்லாம் “தம்பிக்கு மருந்து கண்டுபிடிக்கத்தாங்க அம்மணி போயிருக்குது” என்று சொல்லிவந்தாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஒருநாள் கதிர் நேராகக் கேட்டான்.

“அக்கா, நெசமாச் சொல்லு. இந்த வேலைல இருந்து எனக்கு மருந்து வருமா?”

“உனக்கு வராது கதிர். இது வேற. என்னிக்காவது யாருக்காச்சும் ஒதவலாம்.”

அந்தப் பக்கம் மவுஸ் இரண்டு முறை சொடுக்கும் சத்தம் கேட்டது.

“செரி, உட்டுத்தள்ளு. லைட்டாவது ஒழுங்கா எரியட்டும்” என்றான்.

ஒளிரும் பழைய புரதம் கரையாமல் தேங்குவதுதான் தாளத்தைக் கெடுக்கிறது என்று பிறகு அவன்தான் கண்டுபிடித்தான். அதற்கேற்ப நான் புதுச் செல்களை வளர்க்கத் தொடங்கியபோது கோவையில் மழைக்காலம். அவனுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவி மாட்டியிருந்தார்கள். முகமூடிக்குள்ளிருந்து எதையோ திரும்பத் திரும்பக் கேட்டான். காதைப் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான் புரிந்தது.

“எரிஞ்சுதா?”

“இன்னும் இல்லடா.”

கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் எங்களோடு பேசவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, அம்மா ஆனைமலைக்குப் போகவேண்டும் என்றாள். அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்துப் பூசி, செய்தவர்களைத் தண்டிக்கச் சொல்லி மாசாணியம்மனிடம் முறையிடும் கோயில். அம்மா மிளகாய் வாங்கினாள், ஆட்டுக்கல்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள், அரைக்காமலே திரும்பிவிட்டாள். காரில் பொள்ளாச்சி தாண்டும்போது என்னிடம் கேட்டாள்.

“ஏங்கண்ணு, யாரு மேலன்னு அரைக்கறது? நீ படிச்சவ, சொல்லு. எங்கிட்ட இருந்துதான அவனுக்கு வந்துச்சு?”

மரபணுவைப் பற்றி எத்தனையோ அரங்குகளில் பேசியிருக்கிறேன். அந்தச் சொற்கள் எதுவும் அம்மாவுக்கு உதவாது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

“உன்ற வழியா வந்துச்சும்மா. நீ குடுக்கல. உனக்கே தெரியாம உள்ள இருந்துச்சு.”

“உனக்கு?”

“எனக்கும் இருக்குதும்மா. அங்க பரிசோதன பண்ணிப் பாத்துக்கிட்டேன்.”

அப்பா வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப்போய்த் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா திரும்பி வந்து, “போலாமா?” என்று மட்டும் கேட்டார். வீடு சேரும்வரை அம்மா கையை விடவில்லை.

நான் இங்கே திரும்பிய கொஞ்ச நாளில் அந்தச் செல்கள் எரிந்தன. நுண்ணோக்கித் திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள் ஒன்றாக ஒளிர்ந்தன, ஒன்றாக அணைந்தன, மறுபடி ஒளிர்ந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. மரைக்கே அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய் எல்லோரையும் கூட்டிவந்தாள். மத்தியானம் கேக்கும் வந்தது. கொடுத்த துண்டைத் தின்றேன். ஊருக்குப் போன் செய்து, “எரிஞ்சுருச்சும்மா” என்றேன். அம்மாவுக்கு எது எரிந்தது என்று புரியவில்லை. “அடுப்பப் பாத்து அணைச்சுக்க கண்ணு” என்றாள்.

போன மாதம் கதிருக்கு முதல் வருஷத் திதி. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அங்கே படையல் நேரம், இங்கே காலை; சமையலறையில் நின்றபடி ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டே வீடியோவில் பார்த்தேன். சாம்பிராணிப் புகையில் பாதி தெரியவில்லை. கும்பிடச் சொன்னாள் அம்மா, கும்பிட்டேன். அப்போது தன் போனில் எடுத்த ஒரு படத்தை அப்பா பிறகு அனுப்பினார். சுவரோரம் மாலை போட்ட கதிரின் படம். அதை ஒட்டினாற்போல், தண்ணிச் சொம்பில் சாய்த்துவைத்த அம்மாவின் போன். அதற்குள் கைகூப்பியபடி நான். படத்தின் கண்ணாடியிலும் போனின் கண்ணாடியிலும் ஒரே குத்துவிளக்கின் வெளிச்சம் விழுந்திருந்தது. எங்கள் இருவருக்கும் முன்னால் பொதுவாக ஒரே இலை போட்டிருந்தாள் அம்மா.