டாக்டர் கேட்ட கேள்வி

தங்கை மகளுக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், கிள்ளானில் இருந்த ஒரு குழந்தை டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனோம். தங்கைக்குக் கார் ஓட்டத் தெரியாது, அக்கா நான்தான் ஓட்டினேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கோலாலம்பூரில் ஓர் ஆபீசில் கிளார்க். எப்போதும் சிரித்த முகம் என்று அங்கே பெயர்.

அந்த முகம் என்னுடையதல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து மேசை அக்காவைப் பார்த்துக் காப்பியடித்தது. அவர் தலையைச் சாய்ப்பது, எங்கள் மலேசிய வழக்கில் "அப்படியா லா?" என்பது, எங்கே சிரிப்பது, எல்லாவற்றையும் செந்தூலில் இருந்த என் வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகினேன். பேசுபவரின் கண்ணைப் பார்க்க முடியாது, நெற்றியைப் பார்ப்பேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்கா, தன் அம்மா வழுக்கி விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சை நிறுத்தியதும், சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடக்குறாங்க. உனக்குச் சிரிப்பு வருதா?"

அன்றிலிருந்து யார் வாயைத் திறந்தாலும் எனக்குப் பயம்தான். சாப்பிட்டு முடித்ததும் டாய்லெட்டில் பூட்டிக்கொண்டு, காதைப் பொத்தியபடி முன்னும் பின்னும் ஆடுவேன். அப்புறம்தான் மேசைக்குத் திரும்ப முடியும்.

டாக்டர் அறையில் தங்கை மகள் அப்படியேதான் ஆடினாள். வெளியே ஏதோ குழந்தை வீறிட்டு அழ, அவள் காதைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்மணி. 'ஆட்டிசம்' என்ற சொல்லை முதன்முதலாக அவரிடம்தான் கேட்டேன். கண்ணைப் பார்க்க மாட்டார்கள், சத்தம் தாங்காது, வழக்கம் மாறினால் துடித்துப்போவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அவர் என்னைப் பற்றித்தான் பேசினார்.

"குடும்பத்துல வேற யாராச்சும் இப்படி இருக்காங்களா?"

"யாரும் இல்ல டாக்டர்," என்றாள் தங்கை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், வீட்டில் பைத்தியம் என்பார்கள். அவர் நெற்றிப் பொட்டைப் பார்த்துச் சிரித்தேன். "எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

காரில் ஏறியதும் தங்கை உடைந்து அழுதாள். "நாலு பேர் முன்னால இவள எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? அடிச்சாவது கண்ணப் பாத்துப் பேச வெக்கணும்க்கா."

சாவியைத் திருகப் போன கை நின்றது. "அடிக்காத. அம்மா என்னை அப்படித்தான் பழக்குனாங்க. இன்னும் எனக்குப் பயம் போகல."

"உனக்கென்ன? நீ நல்லாத்தானே இருக்க."

"நல்லா நடிக்கிறேன்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "அப்ப டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"பயம்."

"வா, போய்ச் சொல்லலாம்."

ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களை என்னால் எடுக்க முடியவில்லை. பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். திரும்பி வர ஆன பத்து நிமிடத்தில், சொல்லாதே என்று ஓடிப்போய்த் தடுக்க எத்தனையோ முறை கதவுப் பிடியைத் தொட்டேன்.

"சொல்லிட்டேன். அடுத்த தடவ உன்னையும் பாக்கணுமாம்," என்றாள்.

அடுத்த இரண்டு தடவையும் நான் காரை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் தடவை போனேன். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்ட டாக்டர், "பெரியவங்களப் பத்தி எனக்கு அவ்வளவா தெரியாதும்மா. ஆனா நீங்க சொல்றத நம்புறேன்," என்றார்.

மறுநாள் ஆபீசில் வழக்கம்போல் எல்லாருக்கும் தலையைச் சாய்த்துக் காலை வணக்கம் சொன்னேன். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் தங்கை தன் மகளை ஒரு நாளும் அடிக்கவில்லை.