கன்னத்து மச்சம்

விவேக் நகரில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு, வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பெண் வந்தார். வாசலில் பைக் வந்து நிற்கும்போதெல்லாம் துப்பட்டாவால் கன்னத்து மச்சத்தை மூடிக்கொண்டார். தன் போட்டோவைப் பென்சில் படமாக மாற்றித் தரச் சொன்னார்.

"புது நம்பர் வாட்ஸ்அப்ல வெக்கணும்ணா. ஊர்ல என் பொண்ணு பாத்தா நான்னு தெரியணும். அவ ஃபோன அவங்கப்பாவும் பாப்பாரு. அவருக்குத் தெரியக் கூடாது, தேடி வந்துடுவாரு."

கம்ப்யூட்டரில் கோடுகளைக் குறைத்தேன். மச்சத்தை எடுக்கச் சொன்னார். எடுத்ததும் பதறினார்.

"ஐயோ, பாப்பா அதத் தொட்டுக்கிட்டுதான் தூங்குவா. திரும்ப வெச்சிடுங்க."

வைத்தேன்.

"நான்னு தெரியுதாண்ணா?"

தெரிகிறது என்றாலும் பயப்படுவார், தெரியவில்லை என்றாலும் பயப்படுவார். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. அவர் கன்னத்தை மூடினார். என் கை தானாகப் போய்த் திரையில் இருந்த மச்சத்தை மூடியது.