சாணக்குழிக் காளான்

கெங்கம்மாள் நல்லவள் என்று எழுத நான் உட்காரவில்லை. அவள் வன்மம் பிடித்தவள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

உப்பளப் பக்கம் பிறந்தவள். ஊத்துக்கோட்டைக்கு அருகே எங்கள் ஊருக்கு வாழ வந்தபோது அவளுக்குக் காளான் தெரியாது. அறுபத்தாறு ஆவணியில், இடி இடித்த மறுநாள், கொழுந்தன் அப்பாவு ஒரு முறம் காளான் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல காளானுக்கு வேர் நீளமாகப் புற்றுக்குள் இறங்கியிருக்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் பெண்கள் அடுப்பில் ஏற்றுவார்கள். அப்பாவு வேரையெல்லாம் கிள்ளிவிட்டுக் கொடுத்தான். வேலை மிச்சம் என்று இவளுக்குச் சந்தோஷம். அன்று வெள்ளிக்கிழமை, இவளுக்கு விரதம். அப்பாவு வயிறு சரியில்லை என்று மோர் குடித்தான். புருஷன் மணவாளன் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வாந்தியும் பேதியுமாக மறுநாளே போய்விட்டான்.

ஊர் கூடியது.

"ஆம்பளைக்குக் காளானப் பத்தி இன்னா தெரியும்? கண்ணுல பட்டதப் பறிச்சிக்கினு வந்தேன். பாத்து ஆக்கறது பொம்பள வேல" என்று அப்பாவு கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான்.

ஊரும் தலையாட்டியது. புருஷனைக் கொன்றவள் என்று அவளைத் துரத்தினார்கள். நிலம் முழுக்க அப்பாவு கைக்குப் போனது.

அவள் ஊரை விட்டு நகரவில்லை. ஏரிக்கரையில் குடிசை போட்டு, கூலிக்கு நாற்று நட்டாள். மழை பெய்தால் காளான் பறித்து, புரட்டிப் பார்த்து, வீசி எறிவாள். ஒன்றையும் வாயில் வைத்ததில்லை. சாணக்குழி ஓரம் முளைக்கும் விஷக்காளானும் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். குடையைப் புரட்டினால்தான் மடிப்பில் லேசாகப் பச்சை தெரியும். இதைக் கற்றுக்கொண்ட பிறகு அவள் அவசரப்படவில்லை, காத்திருந்தாள்.

எழுபத்துநாலில் அப்பாவுவின் மகள் செல்விக்கு நிச்சயதார்த்தம். சோழவரத்திலிருந்து சம்பந்திகள் வந்திருந்தார்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் கெங்கம்மாள் ஒரு முறம் காளானை வைத்தாள். ஒன்றிலும் வேர் இல்லை.

"செல்விக்கு என் சீரு" என்றாள்.

அப்பாவு ஓடிவந்து ஒன்றை எடுத்துப் புரட்டினான். "சாணக்குழிக் காளானக் கலந்து கொணாந்துகீறா பாவி. சம்பந்தி ஊட்டையே சாவடிக்கப் பாக்கறா."

"எது நல்லது, எது கெட்டதுன்னு எனக்கு இன்னா தம்பி தெரியும்? நீயே பிரிச்சுக் காட்டு."

கோபத்தில் அவனுக்குப் புத்தி மழுங்கியது. மளமளவென்று இரண்டு குவியலாகப் பிரித்தான். "இதோ, மடிப்பு பச்சையா கீது பாரு. சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினு கீறேன். என்கிட்டயேவா?"

"உங்கண்ணனுக்குக் கொணாந்தப்போ தெரியலயா தம்பி?"

அன்று சத்தியம் கேட்ட பெரியவர்கள் அத்தனை பேரும் அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுவின் கையில் இன்னும் ஒரு காளான் இருந்தது. சம்பந்தி தாம்பூலத் தட்டைத் தொடாமல் எழுந்துகொண்டார்.

செல்வி என்ன பாவம் செய்தாள் என்று கேட்பீர்கள். கெங்கம்மாள் என்ன பாவம் செய்தாள்?

நல்லது என்று அவன் ஒதுக்கிய குவியலை அவள் முந்தானையில் கட்டிக்கொண்டு போனாள். அன்று குழம்பு வைத்து வயிறாரச் சாப்பிட்டாள். பிரித்தவன் தப்பே செய்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.