சாப்பாட்டுக்கு அப்புறம்

மருமகளுக்கு வலி, மாமியாருக்கு வாய். கொள்ளேகாலம் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இதுதான் வழக்கம். "எங்கே வலிக்குது?" என்று பெண்ணைக் கேட்டால் பதில் பக்கத்திலிருந்து வரும். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆன சமயம். மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். டாக்டருக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான். தமிழ் நோயாளி வந்தால் என்னைக் கூப்பிடுவார்.

முதலில் சொல்கிற வியாதி வியாதியே அல்ல, பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்தது என்பது என் கட்சி. அதனால் எடை பார்க்கணும் என்று சொல்லிப் பெண்ணை மட்டும் திரைக்குப் பின்னால் கூட்டிப்போவேன். ஒன்று கேட்பேன், பிறகு வாயை மூடிக்கொள்வேன். என்னைப் போன்ற வாயாடிக்கு அது லேசில்லை. ஆனால் நாம் சும்மா இருந்தால் அவர்கள் பேசிவிடுவார்கள். இந்தச் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ராமாபுரத்துப் பெண் ஒருத்தி வயிற்று வலி என்று மறுபடியும் வந்தாள். போன தடவை கொடுத்த மிக்சர் பாட்டிலை அவள் மாமியார் மேஜைமேல் வைத்தாள். மருந்து ஏறக்குறைய அப்படியே இருந்தது. டாக்டர் கத்தினார். அந்தக் கத்தலை நான் கொஞ்சம் காரம் சேர்த்தே தமிழில் கொடுத்தேன்.

"மறந்துபோட்டாளுங்க" என்றாள் மாமியார்.

திரைக்குப் பின்னால் பெண் எடை மெஷினில் ஏறினாள். முள் நகரவே யோசித்தது. "ஏம்மா குடிக்கலை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன்.

"நீங்கதானுங்க சோறு உண்டுபோட்டுக் குடிக்கோணும்னு சொன்னீங்க" என்றாள் தலையைக் குனிந்தபடி. "உண்ட அன்னைக்குக் குடிச்சனுங்க."

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. எனக்கு மழை ஞாபகம் வரவில்லை, மாமியார்தான் வந்தாள். பட்டினி போடுகிறாள் பாவி என்று கொதித்துப்போய், பெண்ணை வெளியே உட்காரவைத்து, மாமியாரை உள்ளே கூப்பிட்டேன். "நேத்து நீங்க என்ன சாப்பிட்டீங்க பெரியம்மா?" என்று அதட்டினேன்.

அப்போதும் சும்மா நின்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பையன் கல்லொடைக்கப் போறானுங்க. இருக்கிற களிய அவனுக்கும் கொழந்தைகளுக்கும் போட்டுர்றமுங்க. மிஞ்சுற ஒரு உருண்டைய நான் அவகிட்டத் தள்ள, அவ எங்கிட்டத் தள்ள, கடைசீல கொழந்தை தின்னுபோடுது. எனக்கும் அதே வலிதானுங்க."

அடியில் கிடப்பதைத் தோண்டி எடுக்கத் தெரிந்தவள் நான். எடுத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. அன்றோடு என் கர்வம் போயிற்று.

இருவரும் டாக்டர் முன்னால் வந்து நின்றார்கள். மாமியார் பாட்டிலை நகர்த்திவைத்து என்னிடம் கேட்டாள்: "வெறும் வயித்துல குடிக்கிற மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களா?"

என்ன கேட்கிறாள் என்றார் டாக்டர். இரண்டு மொழியும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடவேண்டியிருந்தது. கடைசியில் எப்படியோ சொன்னேன். அவர் பேனாவை மூடினார். பிறகு பேனாவைத் திறந்து அதே மிக்சரை எழுதினார். வேளைக்கு ஓர் அவுன்ஸ், சாப்பாட்டுக்கு அப்புறம் என்று வாய்ப் பழக்கத்தில் சொன்னார்.

அதை நான் தமிழில் சொல்லவில்லை.