உப்புநீரில் மூலம் கூடியபோது

பிள்ளைகளே, நான் வேலை செய்யும் ஐஸ் கொம்பனியில் ஒரு வியாழக்கிழமை காலை உப்புநீரைச் சோதித்தபோது பி.எச். ஏறியிருந்தது. ஐஸ் உறைவது இந்த உப்புநீர்த் தாங்கியில்தான். அதற்குள் அமோனியா ஓடும் குழாய்ச் சுருள் கிடக்கும். துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் எரிசோடா, அதாவது கோஸ்டிக் சோடா, போடுவோம். பி.எச். ஏறியது எரிசோடாவாலா, குழாய் ஒழுகி அமோனியா கலந்ததாலா என்று எனக்குத் தெரியவில்லை. மூக்கை நம்பவும் ஏலாது. அமோனியா மணம் எங்கள் சேட்டுத் துணியிலேயே ஊறிக் கிடக்கும்.

முதலாளியிடம் சொன்னேன்.

"எரிசோடாவைக் கூடப் போட்டிருப்பியள், ராசன். நிலாவெளி மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் ஐசுக்கு நிக்குது. சனிக்கிழமை தாங்கியை இறைக்கத்தானே போறம். அன்ரன் இறங்கிப் பார்க்கட்டும்."

தண்ணீரை இறைத்ததும் உள்ளே இறங்கித் துருவைச் சுரண்டுவது அன்ரனின் வேலை. சுருளில் ஓட்டை இருந்தால், அந்தக் குழிக்குள் அவர் இழுக்கும் மூச்சில் அமோனியாதான் இருக்கும்.

நான் பதினோராம் வகுப்பு ஓ.எல். வரைதான் படித்தவன். போனை எடுத்து, இரசாயனவியலுக்கான பெரிய தமிழ்க் குழு ஒன்றில், "உப்புநீரில் மூலம் கூடிவிட்டது, என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். எங்கள் பாடப்புத்தகத்தில் அமிலத்துக்கு எதிரானது மூலம். அங்கே இருந்தவர்கள் அநேகமாகத் தமிழ்நாட்டுக்காரர். அவர்கள் அதைக் காரம் என்பார்கள். மூலம் என்றால் அவர்களுக்கு மூலவியாதி.

"வெந்நீர்ல உக்காருங்கண்ணே, சரியாயிடும்."

"உப்புத் தண்ணி வேணாம்ணே, எரியும்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இடையில் இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

ஒரு தங்கச்சி தனியாக எழுதினார். மட்டக்களப்பில் படித்து, வெளிநாட்டில் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்பவர்.

"அண்ணை, நீங்க கேட்டது எனக்கு விளங்கிச்சு. இந்தக் கதைக்கு அந்தக் குழு இடமில்லை. மேல்மட்ட இரசாயனம் கதைக்கிற மன்றம் ஒண்டு இருக்கு, ஆலைகளில வேலை செய்யிறவையும் அதில நிக்கினம். இங்கிலிசுதான், நான் எழுதித் தாறன். முதல்ல மற்றவை எப்பிடிக் கேட்டிருக்கினம் எண்டு வாசியுங்கோ."

போனிலேயே தமிழாக்கி வாசித்தேன். எதை அளந்தோம், எதைப் போட்டோம், எப்போது மாறியது என்று எழுதியவர்களுக்குப் பதில் வந்திருந்தது. "பழுதாகிவிட்டது, உதவுங்கள்" என்றவர்களுக்குக் கீழே ஒன்றுமில்லை. நானும் அளந்ததையெல்லாம் எழுதினேன். தங்கச்சி மொழிபெயர்த்துப் போட்டார்.

பதிலாகக் கேள்விகள் வந்தன. எரிசோடா கடைசியாகப் போட்டது எப்போது? அதற்குப் பிறகும் ஏறுகிறதா? தாங்கிக்குள் யாராவது இறங்குவார்களா?

அன்ரனைப் பற்றி நான் எழுதவே இல்லை. அவர்களாகவே கேட்டார்கள்.

விசயத்தைச் சொன்னதும், நிச்சயமாகும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது, அமோனியா தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றார்கள். ஒரு சின்னச் சோதனையும் சொன்னார்கள். கொஞ்சம் உப்புநீரைப் போத்தலில் எடுத்து, வெளியில் வைத்து, சுடுநீருக்குள் இறக்கிச் சூடாக்கி, நனைத்த சிவப்புப் பாசிச்சாயத் தாளை, லிட்மஸ் தாளை, நீரில் படாமல் போத்தல் வாயில் பிடிக்க வேண்டும். எரிசோடா ஆவியாக எழும்பாது. அமோனியா எழும்பித் தாளை நீலமாக்கும்.

வெள்ளிக்கிழமை முதலாளிக்கு முன்னால் செய்தேன். தாள் நீலமானது.

"இன்னொண்டு பிடியுங்கோ."

அதுவும் நீலம்.

முதலாளி இரண்டாவது தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, "மிசினை நிப்பாட்டுங்கோ. வள்ளக்காரரோட நான் கதைக்கிறன்" என்றார்.

மெக்கானிக் வந்து வாயுவை முழுதாக எடுத்த பிறகு பார்த்தால், சுருளின் அடிவளைவில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை. அன்ரன் அதைக் குனிந்து பார்த்தார்.

"அந்த ஆக்கள் என்ர பேரைக் கேட்டவையோ?"

"இல்லை. ஆராவது இறங்குவினமோ எண்டுதான் கேட்டவை."

"அப்ப பேரையும் சொல்லிவிடுங்கோ."

பிள்ளைகளே, விளங்காத ஒன்றைக் கேட்க இடம் தேடினால், உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்கும் இடத்தில் நில்லுங்கள். பதில் கிடைத்ததும் காணாமல் போகாதீர்கள். என்ன நடந்தது என்று போய் எழுதுங்கள். அடுத்துக் கேட்க வருபவருக்கு அது வேண்டும். நான் எழுதியது இவ்வளவுதான்: "சுருளில் துளை இருந்தது. இறங்க இருந்தவரின் பெயர் அன்ரன். அவர் இறங்கவில்லை."