பின் கண்ணாடி இறங்காது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டுபவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஒரு பக்கம் பள்ளம், எதிரே நடுரோட்டில் நிறுத்திப் படம் எடுக்கும் டூரிஸ்ட். ஆனால் இந்த விஷயத்தை நினைத்தால் கோபம் மட்டும் வருவதில்லை.

என் மனைவிக்கு லூபஸ். உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்து அடித்துக்கொள்ளும் நோய். வெயில் பட்டால் கன்னம் சிவந்து தடித்துவிடும், மறுநாள் விரல் மூட்டெல்லாம் வீங்கி ஒரு குவளையைக்கூடப் பிடிக்க முடியாது. மலையில் இருக்கும்வரை தொப்பி, நீளக்கைச் சட்டை, மூடுபனி என்று சமாளித்துவிடுவாள். மருத்துவமனையோ ஈப்போவில். அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கிவிட்டால் அங்கிருந்து ஈப்போ வரை மண்டையைப் பிளக்கும் வெயில். "வெறும் கார் கண்ணாடி போதாது, கெடுதல் செய்கிற கதிர் அதைத் தாண்டி வரும், நல்ல டின்டட் பிலிம் ஒட்டுங்கள்" என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்.

டின்டட் என்றால் எனக்கு ஒரே ஆள்தான். மலைமேலேயே ரிங்லெட்டில் கடை வைத்திருந்த என் கூட்டாளி. லைன் வீட்டில் அடுத்தடுத்த வாசலில் வளர்ந்தவர்கள் நாங்கள். என் கல்யாணத்தில் அவன்தான் மாப்பிள்ளைத் தோழன். என் மனைவிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அதனால் எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் இடத்தில் அவனே உட்கார்ந்தான். அவன் மடியில் வைத்துத்தான் குத்தினோம். பிள்ளை வீறிட்டு அழுததைப் பார்த்து அவனும் அழுதுவிட்டான். அன்றிலிருந்து என் மனைவிக்கு அவன் அண்ணன், அவனுக்கு அவள் தங்கச்சி.

கடையில் ஒரு சூட்டு விளக்கு வைத்திருந்தான். பிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக அதன் முன்னால் நிறுத்தி, பின்னால் கையை வைக்கச் சொன்னான். கன்னங்கரேலென்று இருந்த ஒன்றில் கை சுட்டது. லேசான புகை நிறத்தில் இருந்த இன்னொன்றில் சூடே தெரியவில்லை.

"பாத்தியா தங்கச்சி, கறுப்பா இருந்தா நல்லதுன்னு இல்ல. அது வெறும் சாயம். இதுதான் செராமிக். உனக்கு இதைத்தான் ஒட்டப்போறேன் லா."

"சூடே இல்லண்ணே!" என்று அவள் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். நோய் வந்தபிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இன்னொரு நாள் காலையில் காரை விட்டேன். சாயங்காலம் வா என்றவன் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே முடிந்துவிட்டது என்று போன் செய்தான். போய்ப் பார்த்தால் பின் கதவுகளும் பின் கண்ணாடியும் நல்ல கறுப்பு.

"என்னடா, அன்னிக்குக் காட்டுனது இவ்வளவு கறுப்பா இல்லையே?"

"அது வேற ஷேட் மச்சான். பொருள் அதேதான். தங்கச்சி பின்னாடிதானே உக்காரும்? ஆளே தெரியாம போய்ட்டு வரட்டும்."

"இவ்வளவு சீக்கிரமா முடிச்சிட்ட?"

"கைராசி மச்சான்!"

நானும் சிரித்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன், கறுத்ததெல்லாம் நிழல் என்றும் நம்பிவிட்டேன். கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னான்: ஒரு வாரத்துக்குக் கண்ணாடியை இறக்காதே, நம் குளிரில் பசை சீக்கிரம் காயாது.

வந்த வெள்ளிக்கிழமையே எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் காருக்குப் பூசை. என் மனைவியின் வேண்டுதல் அது. எங்கள் ஊரில் வண்டிப் பூசை என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு முடியாது. பூசாரி சூடத்தட்டை ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் உள்ளே காட்டி, ஒவ்வொரு சீட்டிலும் திருநீறு போடுவார்.

"நாலு கண்ணாடியையும் இறக்குப்பா. ஆத்தா உள்ள வரணும்ல?"

நான் தயங்கினேன். ஆத்தாவை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என் மனைவிதான் "இறக்குங்க, சாமி காரியம், ஒண்ணும் ஆகாது" என்றாள். இறக்கினேன்.

கொஞ்ச நாளில் கதவுக் கண்ணாடிகளில் ஓரம் சுருண்டது, கொப்புளம் எழும்பியது. கூட்டாளி வந்து பார்த்தான், உச்சுக்கொட்டினான்.

"நான் என்ன பண்றது தங்கச்சி? இறக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல. பூசை போட்டுக் கெடுத்துட்டீங்க."

அவள் முகம் செத்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறை ஈப்போ போய் வரும்போதும் கன்னம் தடித்தது, கை வீங்கியது. டாக்டரம்மா நோய் ஏறுகிறது என்று மாத்திரையைக் கூட்டினார். மாத்திரையில் முகம் உப்பி, அவளுக்கே அவளை அடையாளம் தெரியாமல் போனது. "ஆத்தாவைக் கூப்பிடுறேன்னு கெடுதலைக் கூப்பிட்டுக்கிட்டேன்" என்று முணுமுணுப்பாள். கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை மணி அடித்தால் வீட்டுக் கதவைச் சாத்துவாள். காரிலும் கண்ணாடி பக்கமே கையைக் கொண்டுபோக மாட்டாள்.

ஒருநாள் மருத்துவமனைக் கார் பார்க்கில் ரிவர்ஸ் எடுக்கத் திரும்பிப் பார்த்தேன். நல்ல வெயில். பின் கண்ணாடி முழுக்கக் கத்தரிக்காய் நிறம் பாரித்து, நடுவில் கொப்புளம் கொப்புளமாக நின்றது. பிரேக்கை மிதித்தேன்.

அட, பின் கண்ணாடி இறங்காதே! அதை எந்தப் பூசாரி இறக்கச் சொன்னார்?

நேரே பக்கத்திலிருந்த ஒரு டின்டட் கடைக்கு ஓட்டினேன். அங்கிருந்த சீனர் ஒரு சின்னக் கருவியைக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். இது மலிவுச் சாயப் பிலிம், வெயில் தின்றுவிட்டது, இதன் வழியே எல்லாம் உள்ளே வருகிறது என்று மலாயில் சொன்னார். பின்சீட்டில் சால்வையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள்.

ரிங்லெட் வரும்வரை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. கடைக்குள் போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"சொல்லுடா! எதை ஒட்டின?"

முதலில் மழுப்பினான். பின் கண்ணாடியைச் சொன்னதும் தலை தொங்கிவிட்டது.

"அந்த செராமிக் தடிப்பு மச்சான். பின் கண்ணாடி வளைவுல படியவே மாட்டேங்குது, கொஞ்சம் கொஞ்சமா சூடு காட்டி வளைக்கணும், நாள் பூரா ஆகும். ஒருதரம் மடிப்பு விழுந்து வீணாப்போச்சு. அன்னிக்கு வேற வேன் எல்லாம் வரிசையா நிக்குது. சாயப் பிலிம் மெல்லிசு, சட்டுனு ஒட்டிக்கும், நிறம் ஒத்துப்போகட்டும்னு கதவுக்கும் அதையே ஒட்டிட்டேன். எப்படியும் மலைமேலதானே இருக்கீங்க, வெயில் எங்க இருக்குன்னு..."

"அவ பூசையால கெட்டுச்சுன்னு சொன்னியேடா!"

அடித்திருப்பேன். கை ஓங்கியும் விட்டேன். காது குத்தின அன்று அழுத அந்த மூஞ்சி குறுக்கே வந்து தொலைத்தது. காசுக்காக ஏமாற்றியிருந்தால்கூடத் திருட்டுப் பயல் என்று துப்பிவிட்டுப் போயிருப்பேன். அரை நாள் வேலைக்குச் சோம்பல்பட்டு அவள் உடம்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். பழியை வேறு அவள் தலையிலேயே கட்டினான். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பது இதுதான்.

என்னைத் தள்ளிவிட்டு எங்கள் காருக்கு ஓடினான். பின் கதவுக் கண்ணாடியைத் தட்டினான்.

"தங்கச்சி... தங்கச்சி..."

மாதக்கணக்கில் அந்தப் பொத்தானைத் தொடாதவள் அழுத்தினாள். கண்ணாடி கடைசிவரை இறங்கியது. பிலிம் ஓரத்தில் சிக்கி, நடுவில் கிழிந்து, நாராகத் தொங்கியது. அவள் சால்வையை விலக்கினாள். உப்பிச் சிவந்த முகத்தை அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று அவன் பக்கம் நிமிர்த்தினாள்.

"பூசையால கெடலதானே?"

"இல்ல தங்கச்சி. என்மேலதான் தப்பு."

"அது போதும். இனிமே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போகுமுன் கோயிலில் நிறுத்தச் சொன்னாள்.

பிறகு ஈப்போவிலேயே நல்ல பிலிமாக மாற்றிவிட்டோம். அவர்கள் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் மகள் பெரிய மனுஷி ஆனாள். அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சடங்கில் தாய்மாமன் மாலை போடும் நேரம் வந்ததும் பெண்கள் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் மனைவி எழுந்து, வீக்கம் வடியாத கையால் மாலையை எடுத்து, தானே மகள் கழுத்தில் போட்டாள்.