அறுப்பின் பண்டிகையும் ஹாக்கி ஃபைனலும்

நான் கோல் கீப்பர் ஆனதற்கு என் உடம்பைத் தவிர வேறு காரணம் கிடையாது. கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஹாக்கி மைதானத்து ஓரமாக நடந்துபோய்க்கொண்டிருந்தவனை உடற்பயிற்சி ஆசிரியர் கைதட்டிக் கூப்பிட்டார். பி.டி. சார் என்போம் அவரை. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த கோலுக்கு நடுவுல போய் நில்லு" என்றார். நின்றேன். "பாதி அடைஞ்சிருச்சு" என்று சொல்லி என் பெயரை எழுதிக்கொண்டார். அதுவரை நான் ஹாக்கி மட்டையைத் தொட்டதுகூட இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் கல்லூரி தேனிப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் மேல்பக்கத்தில் வயல்களுக்கு நடுவே இருந்தது. மைதானத்துக்கு ஒரு பக்கம் நெல், மறுபக்கம் வாழை. பந்து நெல்லுக்குள் போய்விட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இறங்கித் தேடுவோம். ஆடி, ஆவணி மாதங்களில் மலைக் கணவாய் வழியாக இறங்கும் காற்றில் கோல் வலை உப்பிக்கொண்டு நிற்கும். காற்றைப் பார்த்து நிற்கும் கோல் கீப்பருக்குப் பந்து வருமுன் புழுதி வந்துவிடும். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அந்த வருடம் கல்லூரிகளுக்கிடையிலான ஆண்கள் ஹாக்கிப் போட்டி எங்கள் மைதானத்தில் நடந்தது. வெளியூர் அணிகளெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு தோற்றுப்போக, நாங்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எங்கள் கல்லூரிச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

சந்தோஷத்தில் குதித்து முடித்த பிறகுதான் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி.

தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தார் என் அப்பா. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கடை திறப்பதில்லை, பஸ் ஏறுவதில்லை, ரேடியோகூட வைப்பதில்லை. ஆராதனை, சாப்பாடு, தூக்கம், மறுபடி வேதபாடம். விளையாட்டு என்ற சொல்லையே அன்றைக்கு வாயில் எடுக்க முடியாது.

விஷயத்தைக் கேப்டனிடம் சொன்னேன். அவன் சுருளிப்பட்டி விவசாயி மகன். ஃபுல்பேக். தோட்டத்தில் கிளி விரட்டிப் பழகிய குரல். ஆட்டத்தில் எனக்கு முன்னால் நின்று அவன் போடும் சத்தத்திலேயே எதிரணிக்காரன் பந்தை விட்டுவிடுவான். "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போடுற? வா, நான் பேசுறேன்" என்று சனிக்கிழமை சாயங்காலமே என்னோடு தேனிக்குப் பஸ் ஏறிவிட்டான்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை நாங்க கடையே தொறக்கிறதில்ல. பந்து வெளையாட விடுவேனா?" என்றார்.

"வெளையாடுறது நாங்கதான் அய்யா" என்றான் கேப்டன். "ஒங்க மகன் வெளையாட மாட்டான். சும்மா நின்னுக்கிட்டுத்தான் இருப்பான்."

"நிக்கிறதுக்கா அம்புட்டுத் தூரம் போகணும்?"

"அவன் நின்னாத்தான் அய்யா நாங்க வெளையாட முடியும்."

அப்பா மீசையைத் தடவினார். சிரிப்பை மறைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "காலையில கோயிலுக்கு வரட்டும். மத்தியானம் தூங்குற நேரத்துல போய் நின்னுட்டு வரட்டுமே" என்றார். ஆராதனை முழுவதும் முடியும் வரை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அப்பா சம்மதித்தார். கேப்டன் அவசரமாக இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினான்.

மறுநாள் சர்ச் வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களையும் கரும்பையும் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அறுப்பின் பண்டிகை! சபையார் கொண்டுவந்து காணிக்கையாக வைத்த பூசணி, தேங்காய், கோழி, கேக் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஏலம் விடுவது என் அப்பா. அதில் அவருக்கு இணை கிடையாது. ஒரு முட்டையைக்கூட கால் மணி நேரம் ஏலம் விடக்கூடியவர். வேண்டுமென்றே இரண்டு சம்பந்திகளைப் போட்டிக்கு இழுத்துவிட்டு, அவர்கள் ரோஷப்படுவதைப் பார்த்து எல்லாரையும் சிரிக்கவைப்பார்.

பன்னிரண்டரை மணிக்குக் கோழிகள் முடிந்தன. ஒரு மணிக்குத் தேங்காய்கள் ஆரம்பமாயின. ஏலம் ஆராதனையில் சேர்த்தியா இல்லையா என்று அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தூணோரமாக நின்று சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றே முக்கால் ஆனது. அப்பா ஒரு பெரிய பூசணிக்காயைத் தோளில் ஏற்றி, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று நீட்டிக்கொண்டே கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவரின் கண் என் முகத்தில் வந்து நின்றது. என்ன கண்டாரோ தெரியவில்லை. பூசணிக்காயைப் போதகர் ஐயா கையில் கொடுத்து, "மிச்சத்த நீங்க பாருங்கய்யா" என்று இறங்கிவிட்டார். ஏலத்தின் நடுவில் அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

சபையில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் ஜீப் இருந்தது. அப்பா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் பின்னால் ஏறினேன். அப்பாவும் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்குப்பா?"

"நீ எப்பிடி நிக்கிறேன்னு பாக்க வேணாமா?" என்றார்.

சின்னமனூருக்கு முன்னால் ஒரு மாட்டு மந்தை வழியை மறித்துக்கொண்டது. மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. மாற்று ஆட்டக்காரனாக இருந்த ஒல்லிப் பையன் ஒருவனுக்கு என்னுடைய கால் பேடுகளைக் கட்டி கோலில் நிறுத்தியிருந்தார்கள். பேடு அவன் இடுப்பு வரை வந்தது. மதுரையிலிருந்து வந்த அணி ஏற்கெனவே ஒரு கோல் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கேப்டன் அங்கிருந்தே கத்தினான்: "ஏலே, வந்துட்டான்லே! வெரசா பேடக் கட்டு!"

முதல் பாதியின் மிச்ச நேரம் முழுக்கக் காற்று என் முகத்தில் அடித்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு வந்ததையெல்லாம் உதைத்துத் தள்ளினேன். அப்பா கோலுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அம்பயர் வந்து, "பெரியவரே, இங்கன நிக்கக் கூடாது" என்றார். அப்பா மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றார். அம்பயர் திரும்பியதும் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியதும் அப்பாவும் என் கோலுக்குப் பின்னால் வந்துவிட்டார். புழுதி மதுரைக்காரர்கள் கோலுக்குப் போனது. எங்கள் பையன் ஒருவன் அடித்த பந்து எப்போது உள்ளே போனதென்று அவர்கள் கோல் கீப்பருக்கே தெரியவில்லை. ஆளுக்கு ஒரு கோல். அப்புறம் மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கியது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, கோலுக்குள் போயிருக்க வேண்டிய பந்தைக் கேப்டன் காலால் தடுத்துவிட்டான். கோல் கீப்பரைத் தவிர வேறு யாரும் காலால் தடுக்கக் கூடாது; அம்பயர் மதுரைக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்தார்.

எல்லாரும் தள்ளிப் போனார்கள். நானும், எதிரே அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டும் மட்டும். நெடுநெடுவென்று உயரமானவன், அந்தப் போட்டியில் அவன் அடித்த எந்த ஸ்ட்ரோக்கும் அதுவரை தவறியதில்லை.

பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "என்னடா, எல்லாரும் ஒன்னய விட்டுட்டுப் போயிட்டாக?"

"சட்டம் அப்படிப்பா."

"இதென்னடா சட்டம்!" என்றார் அப்பா, உண்மையான கோபத்துடன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விசில் கேட்டது. நான் வலது பக்கம் பாய்ந்தேன். பந்து அந்தப் பக்கம் வரவில்லை. நடுவில் வந்தது. பாய்ந்தபோது பின்தங்கிக் கிடந்த என் இடது கால் பேடில் பட்டு வாழைத் தோட்டத்தைப் பார்த்து ஓடியது. சேற்றில் குப்புறக் கிடந்த என் மேல் பத்துப் பேர் வந்து விழுந்தார்கள். கேப்டன் என் காதுக்குள் கத்தியதில் ராத்திரி வரை எனக்கு அந்தக் காது கேட்கவில்லை.

பிறகு மழை வலுத்துவிட்டது. கூடுதல் நேரம் ஆட முடியாது என்று இரண்டு அணியும் வென்றதாக அறிவித்தார்கள். கோப்பை ஆளுக்கு ஆறு மாதம். முதல் ஆறு மாதம் யாருக்கு என்று பூவா தலையா போட்டதில் கேப்டன் தோற்றான்.

"யாருடா செயிச்சது?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டு பேரும்."

கொஞ்சம் யோசித்தார். "நல்ல ஏற்பாடு" என்று சொல்லிவிட்டு, நனைந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். மதுரைப் பையன்கள் சாயங்காலம்தான் கிளம்புவதாக இருந்தார்கள். கேப்டன் இரண்டு அணியையும் சுருளிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அருவியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த சென்டர் ஃபார்வர்டு என் பக்கத்தில் நின்று தலையைக் கொடுத்திருந்தான். நான் கேட்டேவிட்டேன்: "எந்தப் பக்கம் அடிக்கணும்னு நெனச்ச?"

"ஒனக்கு இடது பக்கம். மட்டை ஈரத்துல வழுக்கிருச்சு" என்றான். "நீ எந்தப் பக்கம் தடுக்கணும்னு நெனச்ச?"

"வலது பக்கம்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறி இருமினோம். மதியம் கேப்டன் வீட்டில் அவன் அம்மா எங்கள் இரண்டு அணிக்கும் வரிசையாக இலை போட்டு, "கூச்சப்படாமச் சாப்புடுங்கப்பா" என்று மறுசோறு போட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது மதுரைப் பையன்களுக்குக் கூடை நிறையத் திராட்சையும் கொடுத்தனுப்பினார்.

தை கழிந்து மாசியில் கோப்பை எங்களிடம் வந்தது. சாக்கில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்தவன் அதே சென்டர் ஃபார்வர்டுதான். அன்றைக்கும் சுருளிக்குப் போனோம். தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. ஆனாலும் குளித்தோம்.